ஆள் கட்டும் செலவு யார் கணக்கில்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரையின் கட்டுரை வடிவம்)



"ஆள் தேவை" என்ற அட்டை தொங்காத கடைத்தெரு நம் நாட்டில் இல்லை. உணவகம், அச்சகம், பட்டறை, லாரி நிறுவனம் என்று எங்கே போனாலும் முதலாளிகள் சொல்லும் குறை ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆள் கிடைப்பதில்லை, கிடைக்கும் ஆள் பொருத்தமாக இருப்பதில்லை, பொருத்தமான ஆளுக்கும் வேலை தெரிவதில்லை. இந்த மூன்று குறைகளைத்தான் நிர்வாகவியல் நூல்கள் ஆள்சேர்ப்பு, தேர்வு, பயிற்சி என்று மூன்று பாடங்களாகப் பிரித்துச் சொல்கின்றன.

இந்தப் பாடங்களைப் படிக்க நம்மில் பலர் பணம் கட்டிக் கருத்தரங்குகளுக்குப் போகிறோம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்ன செய்கிறார்கள் என்று கேட்டுக் குறிப்பெடுத்து வருகிறோம். நல்லதுதான். ஆனால், ஆள் சேர்ப்பது பற்றி உலகில் வேறு யாருக்கும் குறையாத அனுபவம் நம் சமூகத்துக்கே உண்டு. ஏனென்றால் நாம் சேர்க்கப்பட்டவர்கள். நம் தாத்தா பாட்டிகளில் பெரும்பாலோர் இந்த மண்ணில் கால் வைத்ததே ஓர் ஆள்சேர்ப்பு முறையின் மூலமாகத்தான். அந்த முறையை உணர்ச்சிவசப்படாமல் ஒரு தொழில் நிர்வாகக் கண்ணோடு பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இன்றைய உரை.

அதில் ஒரு கேள்வியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நடப்போம். ஓர் ஆளைத் தேடிப்பிடித்து, கொண்டுவந்து, வேலை பழக்குவதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது? முதலாளியா, தொழிலாளியா?

கடனோடு வந்தவர்கள்

பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறியது. ஆனால் கரும்புத் தோட்டங்களுக்குக் கைகள் வேண்டியிருந்தன. பினாங்கிலும் அதன் எதிர்க்கரையான புரோவின்ஸ் வெல்லஸ்லியிலும் இருந்த தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் வழக்கம் வலுப்பெற்றது. நம் பெரியவர்கள் இவர்களைச் சஞ்சிக்கூலிகள் என்றார்கள். மலாய் மொழியில் ஒப்பந்தத்துக்கு ஜஞ்சி என்று பெயர். அதுதான் நம் வாயில் சஞ்சி ஆயிற்று.

இந்த முறையில் செலவு யார் கணக்கில் இருந்தது? நாகப்பட்டினத்தில் ஆள்பிடிக்கும் தரகர்கள் இருந்தார்கள். அவர்கள் ஆளைச் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். கப்பல் கட்டணம், வழிச்செலவு எல்லாம் முன்பணம் என்று எழுதப்பட்டது. தோட்டத்துக்கு வந்த பிறகு அது தொழிலாளியின் கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவர் வேறிடம் போகக் கூடாது. போனால் குற்றவாளி, சிறைக்கும் அனுப்பலாம். அதாவது, முதலாளியின் ஆள்சேர்ப்புச் செலவு தொழிலாளியின் கடனாக மாற்றப்பட்டது.

இதன் விளைவு தொழிலுக்கும் நன்றாக இல்லை என்பதைக் கவனியுங்கள். தரகருக்கு எத்தனை தலை என்பதுதான் கணக்கு. வயல்வேலை தெரிந்தவரா, நோயாளியா, வீட்டில் கோபித்துக்கொண்டு வந்தவரா என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. வந்தவர்களில் பலர் உடல் தாங்காமல் மாண்டார்கள். பலர் தப்பி ஓடினார்கள். இப்படிச் சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். 1910-இல் மலாயாவில் புதிய ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன. மனிதாபிமானக் குரல்கள் அதற்கு ஒரு காரணம். ஆனால், அதற்குள்ளாகவே அதைவிட மலிவான, தோட்டக்காரர்களுக்கு அதிகம் பிடித்த இன்னொரு முறை வேரூன்றிவிட்டது.

கங்காணி என்ற ஆள்சேர்ப்பு அதிகாரி

அதுதான் கங்காணி முறை. கண்காணிப்பவர் என்ற சொல்தான் கங்காணி ஆனது. காப்பித் தோட்டங்களில் தொடங்கி, ரப்பர் வந்தபோது இது நாடு முழுவதும் பரவியது. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரைத் துரை தேர்ந்தெடுத்து, "உன் ஊருக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு வா" என்று அனுப்புவார். கையில் உரிமமும் செலவுக்குப் பணமும் இருக்கும். அவர் தம் கிராமத்துக்குப் போய், சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு திரும்புவார். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தரகு உண்டு.

இன்றைய நிறுவனங்கள் "உங்களுக்குத் தெரிந்தவர்களை வேலைக்குக் கொண்டு வாருங்கள், ஊக்கத்தொகை தருகிறோம்" என்று ஊழியர்களிடம் சொல்கின்றன அல்லவா? அதன் மூல வடிவம் இதுதான். இதில் உள்ள நன்மையை மறுக்க முடியாது. தெரியாத தரகனை நம்பி வருவதைவிட மாமன் மகனை நம்பி வருவது எளிது. குடும்பமாக வந்தார்கள். மொழி, சாப்பாடு, சாமி கும்பிடுவது எல்லாம் கூடவே வந்தன. ஆகையால் வந்தவர்கள் நிலைத்தார்கள். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு என்று ஒரே வட்டாரத்து மக்கள் ஒரே தோட்டத்தில் கூடி வாழ்ந்ததற்குக் காரணம் இதுதான். 1938 வரை இந்த வழியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மலாயாவுக்கு வந்தார்கள்.

ஆனால் இதன் தீமையும் அதே இடத்தில்தான் இருந்தது. அழைத்து வந்தவரே மேற்பார்வையாளர். அவரே ஊரில் கடனை அடைக்கவும் கல்யாணச் செலவுக்கும் முன்பணம் கொடுத்தவர். தோட்டத்தில் அவருக்குத் தலைக்காசு என்ற வருமானம் இருந்தது. தம் ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ, அந்தக் கணக்குப்படி தலைக்கு இத்தனை காசு கிடைக்கும். விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் எண்ணிக்கை குறைந்தால் கங்காணியின் வருமானம் குறையும். அப்படியானால் காய்ச்சலில் கிடப்பவரையும் அவர் எழுப்பத்தானே பார்ப்பார்? கங்காணிகளில் நல்லவர்கள் இருந்தார்கள். ஊருக்கே தகப்பன்போல் இருந்தவர்களும் உண்டு. கெடுதல் மனிதரில் மட்டும் இல்லை. அவருக்குச் சம்பளம் கணக்கிட்ட முறையிலும் இருந்தது. எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்தார்கள், எண்ணிக்கை கிடைத்தது.

1907-இல் வந்த பொது நிதி

இப்போது கதையின் முக்கியமான திருப்பத்துக்கு வருகிறோம். 1905-க்குப் பிறகு ரப்பருக்கு உலகமெங்கும் பெரும் கிராக்கி. புதுப்புதுத் தோட்டங்கள் திறக்கப்பட்டன. எல்லாருக்கும் ஆள் வேண்டும். ஆனால் ஆளைக் கொண்டுவருவதற்குக் கையிலிருந்து செலவு செய்த தோட்டத்துக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. அது செலவழித்துக் கொண்டுவந்த ஆளை, ஒரு காசும் செலவழிக்காத பக்கத்துத் தோட்டம் ஐந்து காசு கூட்டிக் கொடுத்து இழுத்துக்கொண்டது. அன்றைய தோட்டக்காரர்களின் பெரிய தலைவலி இதுதான். இன்றைய முதலாளி, "நான் பழக்கி விடுகிறேன், எதிர்க்கடைக்காரன் கூட்டிக்கொண்டு போகிறான்" என்று புலம்புவதும் இதே தலைவலிதான்.

இதற்குத் தீர்வாக 1907-இல் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தது. பிறகு இது இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் மாறியது. தோட்டக்காரர்களும் அரசாங்க அதிகாரிகளும் அடங்கிய ஒரு குழு இதை நிர்வகித்தது. ஏற்பாடு எளிமையானது. இந்தியத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தாம் ஆள் கொண்டுவந்தாலும் கொண்டுவராவிட்டாலும், தம்மிடம் நடந்த வேலைநாள்களின் கணக்குப்படி நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பொதுப் பணத்திலிருந்து கப்பல் கட்டணம், முகாம் செலவு, தடுப்புக்காவல் முகாமில் தங்கும் செலவு எல்லாம் கொடுக்கப்படும். தொழிலாளி சட்டப்படி கடன் இல்லாதவராக வந்து இறங்குவார். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டுப் போகவும் அவருக்கு உரிமை உண்டு.

யோசித்துப் பாருங்கள். கருணையால் பிறந்த ஏற்பாடு அல்ல இது. தோட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொள்வதைத் தடுக்கப் பிறந்தது. ஆனால் அதற்குள் ஒரு நியாயம் அமைந்துவிட்டது: ஆளால் பயன் அடைகிறவர்தான் ஆளைக் கொண்டுவரும் செலவை ஏற்க வேண்டும். அதன் பலனும் உடனே தெரிந்தது. 1911-இல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியர்கள் மலாயாவுக்கு வந்தார்கள். கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைத்தால்தான் தொழில் நடக்கும் என்ற எண்ணம் பொய் என்று அந்தத் தோட்டக்காரர்களின் சொந்தக் கணக்கே காட்டிவிட்டது.

சட்டம் ஒன்று, நடப்பு ஒன்று என்பதையும் சொல்ல வேண்டும். கப்பல் கடன் நீங்கினாலும் கங்காணியிடம் வாங்கிய கைக்கடன் நீங்கவில்லை. தோட்டத்துக் கடைக்கணக்கு வேறு இருந்தது. கள்ளுக்கடையும் பக்கத்திலேயே இருந்தது.

தேர்வு: இரண்டு வாசல்கள்

வள்ளுவர் ஆள் எடுப்பதைப் பற்றித் தனித்தனியாக இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். தெரிந்து தெளிதல் ஒன்று. அதற்கு அடுத்ததே தெரிந்து வினையாடல். நல்ல ஆள்தானா என்று பார்ப்பது வேறு, எந்த வேலைக்கு ஏற்ற ஆள் என்று பார்ப்பது வேறு. இந்த இரண்டாவது கேள்வியை மலாயாவின் தோட்ட நிர்வாகம் ஏறக்குறைய கேட்கவே இல்லை.

கங்காணி சேர்த்த ஆட்களை முதலில் கிராம முனிசீப்பு பார்ப்பார். இவர்கள் போவதில் ஆட்சேபம் இல்லை என்று அவர் எழுதிக்கொடுக்க வேண்டும். பிறகு ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் மருத்துவர் பார்ப்பார். அம்மை குத்துவார்கள். கப்பல் பினாங்கை அடைந்ததும் ஜெரெஜாக் தீவில் சில நாள் தனியே வைத்திருப்பார்கள். இவ்வளவுதான் தேர்வு. உடம்பு திடமாக இருக்கிறதா, தொற்றுநோய் இல்லையா என்பது மட்டுமே கேள்வி. உனக்கு என்ன தெரியும், என்ன கற்றுக்கொள்ள விருப்பம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடங்கி நடப்பார்கள் என்று எண்ணிய சமூகங்களிலிருந்து ஆள் எடுப்பதைத் துரைமார்கள் விரும்பினார்கள் என்பதும் பதிவாகியுள்ள செய்தி.

அதே காலத்தில் இன்னொரு வாசலும் திறந்திருந்தது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை நாட்டின் முதல் ரயில்பாதை 1885-இல் திறக்கப்பட்டது. ரயில்வேக்கும் நில அளவைக்கும் மருத்துவமனைக்கும் ஆங்கிலம் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகளில் படித்த தமிழ் இளைஞர்கள் அந்த இடங்களுக்கு வந்தார்கள். கேரளத்திலிருந்து வந்தவர்கள் தோட்டங்களில் கிராணிமார்கள் ஆனார்கள். இவர்களிடம் சான்றிதழ் கேட்கப்பட்டது. இளநிலை எழுத்தராகச் சேர்ந்தவர் தலைமை எழுத்தராகலாம். ரயில்வேயில் சேர்ந்தவர் நிலைய அதிகாரியாகலாம். கோலாலம்பூரில் அரசாங்க இலாகாக்களுக்கு ஆள் பழக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொழில்நுட்பப் பள்ளியும் வந்தது.

ஒரே கடலைத் தாண்டி வந்தவர்கள்தான். ஒரு வாசலில் என்ன தெரியும் என்று கேட்டார்கள். இன்னொரு வாசலில் உடம்பைத் தொட்டுப் பார்த்தார்கள். அடுத்த தலைமுறையில் ஒரு பக்கம் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் அதிகமானதும், மறுபக்கம் பால்வெட்டுக்காரரின் மகன் பால்வெட்டுக்கே போனதும் திறமை வேறுபாட்டால் மட்டும் வந்ததாக எண்ணிவிடக் கூடாது. வாசலில் கேட்ட கேள்விக்கும் அதில் பங்கு உண்டு.

பயிற்சி: ஒரே ஒரு கத்தி

அப்படியானால் தோட்டத்தில் பயிற்சியே இல்லையா? இருந்தது. அது மிகக் கறாராகவும் இருந்தது.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888 முதல் இருந்த ஹென்றி ரிட்லி, ரப்பர் மரத்தைக் காயப்படுத்தாமல், வெட்டிய இடத்தையே மெல்லிசாகத் திரும்பத் திரும்பச் சீவிப் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். ரப்பர்த் தொழில் முழுவதும் இந்த நுட்பத்தின்மேல்தான் நின்றது. பட்டையைச் சரிவாக, ஒரே சீராக, காகிதம்போல் சீவ வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். ஆழமாக இறங்கினால் பட்டைக்கு உள்ளே இருக்கும் உயிர்ப்படலத்தில் காயம் படும். அந்த இடத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு பல ஆண்டுகளுக்கு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. பொழுது ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டிலேயே தொடங்க வேண்டும். ஒருவருக்கு முந்நூறு நானூறு மரங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சில வினாடிகள்தான். அதற்குள் கை அளவு தவறக் கூடாது.

இது சாதாரணக் கூலிவேலையா? ஒரு தச்சருக்கும் தட்டாருக்கும் வேண்டிய கைத்திறன் இதற்கும் வேண்டும். புதிதாக வந்தவர்களை முதலில் வெளிக்காட்டில் புல்வெட்ட விட்டார்கள்; பிறகு வெட்டித் தள்ளப்போகும் பழைய மரங்களில் கத்தி பிடிக்கப் பழக்கினார்கள். வெட்டிய மரங்களைச் சோதித்துக் காயங்களை எண்ணினார்கள். 1920-களின் நடுவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய பிறகு வெட்டு முறைகள் ஆராய்ச்சியாகவே நடந்தன. மரத்துக்கு எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று கூட அளந்தார்கள்.

ஆனால் அந்தப் பயிற்சி கத்தியோடு தொடங்கிக் கத்தியோடு முடிந்தது. பால் உறைய வைப்பது, தாள் அடிப்பது, தரம் பிரிப்பது, கணக்கு எழுதுவது, இயந்திரம் பார்ப்பது என்று ரப்பர்த் தொழிலில் எத்தனையோ படிகள் உண்டு. ஒருவரை இந்தப் படிகளில் ஏற்றிவிடும் திட்டம் எதுவும் இல்லை. நன்றாக வெட்டுகிறவருக்கு மேலே இருந்த ஒரே படி தண்டல் அல்லது கங்காணி. தோட்டத்துக்கு வரும் வெள்ளைக்காரச் சின்னத்துரைக்கோ தமிழ் கற்பது கடமையாக இருந்தது. அதற்குத் தேர்வும் வைத்தார்கள். வேலை வாங்குவதற்காக அவருக்கு நம் மொழியைக் கற்றுக்கொடுத்த நிர்வாகம், வேலையில் உயர்வதற்காக நம்மவருக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அது பெயருக்கு ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர் என்ற அளவில் நின்றது. அந்தக் கொட்டகைகளிலிருந்துதான் நம் தமிழ்ப்பள்ளிகள் வளர்ந்தன என்பது வேறு கதை.

நிதி என்ன ஆயிற்று?

1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது. ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆளைக் கொண்டுவந்த அதே நிதிதான் ஆளைத் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. 1937-இல் வெளியான சீனிவாச சாஸ்திரியின் அறிக்கை, கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதைக் கைவிடச் சொன்னது. 1938-இல் தோட்டங்கள் மீண்டும் கூலியைக் குறைக்க முனைந்தபோது, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலி ஆட்கள் உதவிபெற்று வருவதைத் தடை செய்தது. கங்காணி முறை அத்தோடு முடிந்தது.

நிதி மட்டும் முடியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1958-இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்ற பெயரில் ஒரு வாரியத்தின் பொறுப்பில் வந்தது. 1999-இல் சட்டத்தின் மூலம் அந்த வாரியம் கலைக்கப்பட்டு, சொத்துகள் அரசாங்கத்திடம் சேர்ந்தன. அந்தப் பணம் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் போயிருக்க வேண்டும் என்ற குரலை நம் சமூகத்தில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தக் குரலில் நியாயம் இருக்கிறது. ஆளைக் கொண்டுவருவதற்காக வசூலித்த பணம், கொண்டுவந்த ஆளின் பிள்ளையைப் பழக்குவதற்கு வந்து சேரவில்லை.

அதன் விலை பிறகு தெரிந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. இருபது முப்பது ஆண்டு பால் வெட்டிய கைகளோடு மக்கள் பட்டணத்து ஓரங்களுக்கு வந்தார்கள். அவர்களிடம் உயர்ந்த கைத்திறன் இருந்தது. ஆனால் அதற்குச் சான்றிதழ் இல்லை. அதை வேறெந்தத் தொழிலும் திறன் என்று எண்ணவும் இல்லை. தொழிற்சாலை வாசலில் அவர்கள் மறுபடியும் அனுபவம் இல்லாதவர்களாக நின்றார்கள்.

பழைய கணக்கு, புதிய பெயர்கள்

இது முடிந்துபோன கதை என்று நினைக்க வேண்டாம். நம் முன்னோர்கள் நின்ற அதே இடத்தில் இன்று வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் நிற்கிறார்கள். அவர்களில் பலர் தரகருக்குக் கட்டணம் கட்ட நிலத்தை அடகு வைத்து வருகிறார்கள். 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை டாப் குளோவ் நிறுவனத்தின் துணை நிறுவனங்கள் தயாரித்த கையுறைகளுக்குத் தடை போட்டது. அந்நிறுவனம் தொழிலாளர்கள் கட்டியிருந்த ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க 13 கோடி ரிங்கிட்டுக்கு மேல் செலவிட்டது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. 2020 டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷனின் செம்பனை எண்ணெய்க்கும் இதே போன்ற தடை வந்தது. அந்நிறுவனமும் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க 8 கோடி ரிங்கிட்டுக்கு மேல் ஒதுக்கியது. 2023-இல் தடை நீங்கியது. இந்த நிறுவனம் 2024-இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. கத்ரி என்பது 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கிய பழைய வணிகக் குடும்பப் பெயர். ரப்பர்த் தோட்ட வரலாற்றில் பெரிய பெயர்.

வேலைக்கு வருகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் ஓர் ஒப்பந்தத்தில் எழுதியது. ஆள்சேர்ப்புச் செலவு முதலாளியுடையது என்பதை இன்று உலகச் சந்தை ஒரு நிபந்தனையாகவே வைக்கிறது. கப்பல் கட்டணத்தைப் பொறுத்தவரை அந்த நிபந்தனைக்கு இந்த மண்ணில் 1907-லேயே வழி கண்டிருந்தார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகு அதே பாடத்தைக் கோடிக்கணக்கில் அபராதம்போல் கட்டிப் படிக்க வேண்டியிருந்தது.

நல்ல விதமாகத் திரும்பி வந்த பகுதியும் உண்டு. பயிற்சிக்காக முதலாளிகளிடம் பொதுவாகப் பணம் வசூலிக்கும் முறையைச் சிங்கப்பூர் 1979-இல் திறன் மேம்பாட்டு நிதியாகத் தொடங்கியது. மலேசியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனிதவள மேம்பாட்டு நிதி 1993-இல் வந்தது. சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு ரிங்கிட் என்ற கணக்கில் முதலாளி கட்டுகிறார். தம் ஊழியரைப் பயிற்சிக்கு அனுப்பினால் செலவைத் திரும்பப் பெறுகிறார். 2021-இல் பத்து உள்நாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் வரை இது விரிவுபடுத்தப்பட்டது. 1907-ஆம் ஆண்டு நிதியின் கணக்குத்தான் இது. எல்லாரும் கட்டினால், நான் பழக்கிய ஆளை நீ இழுத்துக்கொண்டாய் என்ற சண்டைக்கு இடமில்லை. அன்று கப்பல் டிக்கெட்டுக்கு வசூலித்தார்கள். இன்று வகுப்பறைக்கு வசூலிக்கிறார்கள். கட்டிவிட்டு ஊழியரை அனுப்பாமல் விடுகிறவர், இருக்கும் ஒரு நல்ல ஏற்பாட்டை வீணாக்குகிறார்.

நம் கடைக்கும் பட்டறைக்கும்

நேயர்களே, ஐந்து பேர், பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்தும் நம் முதலாளிகளுக்கு இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துச் சொல்வது நான்கு.

முதலாவது, தெரிந்தவர் மூலம் ஆள் எடுப்பது தவறில்லை. ஆனால் கொண்டுவந்தவர் கையிலேயே மேற்பார்வையையும் கடனையும் கொடுக்காதீர்கள். மூன்றும் ஒரு கையில் சேர்ந்தால் அந்தக் கை கங்காணியின் கைதான்.

இரண்டாவது, ஆளைக் கொண்டுவரும் செலவை அவர் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். முன்பணத்தைக் காட்டி நிறுத்திவைத்த ஆள் உடம்பால் நிற்பார், மனம் ஓடிவிடும். வெளிநாட்டு ஊழியராக இருந்தால், அவர் ஊரில் தரகருக்கு என்ன கட்டினார் என்று நீங்களே கேளுங்கள்.

மூன்றாவது, நேர்காணலில் உடம்பையும் ஊரையும் மட்டும் பார்க்காமல், என்ன தெரியும், அடுத்து என்ன கற்க ஆசை என்று கேளுங்கள். ஒரு நாள் வேலை செய்ய விட்டு, அதற்கும் கூலி கொடுத்துப் பாருங்கள். பாத்திரம் கழுவ வந்த பிள்ளைக்குக் கணக்கு வரலாம்.

நான்காவது, ஒரே வேலையை மட்டும் பழக்காதீர்கள். ரொட்டி போடுகிறவருக்குக் கொள்முதல் தெரியட்டும். அச்சு ஓட்டுகிறவருக்குக் கணினி தெரியட்டும். கற்றுக்கொண்டதற்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். உங்கள் கடையை மூடும் நாள் வந்தாலும், அவர் வெறுங்கையோடு வெளியே போகக் கூடாது.

"இவ்வளவும் செய்தால் ஆள் வேறு இடத்துக்குப் போய்விட மாட்டாரா?" என்று கேட்பீர்கள். போகலாம். 1907-க்குப் பிறகு சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்பில் போகலாம் என்றிருந்தபோதும் தொழில் நின்றுவிடவில்லை, வளர்ந்தது. போகக்கூடிய ஆள் இருந்து வேலை செய்வதுதான் ஒரு முதலாளிக்குக் கிடைக்கும் உண்மையான நற்சான்றிதழ்.